சனிக்கிழமை மட்டும் கொதிக்கும் வேன்

புதன்கிழமை காலை ஒடூரோவின் வேன் அச்சியாவின் பட்டறை வாசலில் வந்து நின்றபோது அது கொதிக்கவில்லை. அதுதான் பிரச்சினை. ஒழுகவில்லை, புகையவில்லை, முனகக்கூட இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, அதற்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, சுட்ட வாழைக்காயையும் வேர்க்கடலையையும் மாற்றி மாற்றிக் கடித்தபடி அச்சியா ஒரு மணி நேரம் பார்த்தாள். மீட்டரில் சூட்டைக் காட்டும் முள் பாதிக்குக் கீழே மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் முன்னால் வந்ததும் இருமலை நிறுத்திவிட்ட நோயாளியைக் கூட்டி வந்தவன் போல ஒடூரோ பக்கத்தில் நின்று தவித்தான்.

"சத்தியமா கொதிக்கும்க்கா. நல்லாக் கொதிக்கும். நீங்க நம்பணும்."

"எப்ப?"

"சனிக்கிழம."

அச்சியா வாயில் இருந்ததை மென்று முடித்தாள். "சனிக்கிழம மட்டுமா?"

"சனிக்கிழம மட்டும்."

சுவாமே பட்டறைப் பேட்டையில் யாரும் வண்டியை ரிப்பேர் செய்வதில்லை. குமாசி நகரத்தின் வட ஓரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தகரக் கொட்டகைகளாகக் கிடக்கும் அந்த இடத்தில் ஒருவர் கதவுப் பிடி மட்டும் பார்ப்பார், இன்னொருவர் ஹாரன் மட்டும், மூன்றாமவர் பிரேக் குழாயின் வளைவு மட்டும். வளைவு முடிந்து குழாய் நேராகிற இடத்தில் அவருடைய அறிவு கௌரவமாக நின்றுகொள்ளும். அடுத்த கொட்டகைக்குக் கை காட்டிவிடுவார். எங்கள் பல்கலைக்கழகத்தில் இதையே வேறு வேறு கட்டடங்களில் செய்கிறார்கள், சம்பளம் அதிகம். அச்சியாவுக்கு வாய்த்தது ரேடியேட்டர். பத்தொன்பது வருடமாக ரேடியேட்டர் மட்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை மேலிருந்து கீழாக ஓட்டுவாள். அடைத்துக் கிடக்கும் குழாய்க்குச் சூடு போய்ச் சேராது. அந்த இடம் மட்டும் கைக்குக் குளிரும். "எட்டு, ஒம்போது, பதினாலு," என்று அடைத்த குழாய்களின் எண்ணைச் சொல்வாள். பிரித்துப் பார்த்தால் எட்டு, ஒன்பது, பதினான்கு அடைத்திருக்கும். முதல் முறை பார்க்கிற டிரைவர்கள் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார்கள். இரண்டாம் முறை வருகிறவர்கள் அந்த எண்களில் லாட்டரிச் சீட்டு வாங்குவார்கள்.

ஒடூரோ நடந்ததைச் சொன்னான். குமாசிக்கும் மாம்பொங்குக்கும் இடையே தினம் நாலு நடை ஓட்டுகிறான். மாம்பொங் மேட்டில் இருபத்திரண்டு பேரையும் அவர்களுடைய கிழங்கு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு திங்கள் முதல் வெள்ளி வரை ஏறுகிறான், முள் அசையாது. சனிக்கிழமை மட்டும் சவ ஊர்வலத்துக்கு வாடகை. அதே மேடு, அதே எடை, மூட்டைகள்கூடக் கிடையாது. மூன்றாவது வளைவில் கொதித்துவிடும். ஆறு சனிக்கிழமை, ஆறு சாவு: ஒரு கோகோ வியாபாரி, ஒரு சர்வேயர், ஒரு தேவாலயப் பாடகர், இப்படி. ஆறு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது, அதனால் கூட்டுச்சதி என்று சொல்ல வழியில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தாயிற்று. தண்ணீர் பம்ப்பை மாற்றியாயிற்று. ஃபேன் பெல்ட் இரண்டு முறை. திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் போனால் வேன் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல நிற்கிறது.

"வர்ற சனிக்கிழம யாரு?" என்று கேட்டாள் அச்சியா.

"எம் மாமியாருக்கா."

அச்சியா முக்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒடூரோவின் மாமியார் ஃபோசுவா அம்மா, மாம்பொங்கில் பாதி ஊரைப் பிரசவம் பார்த்து வெளியே எடுத்த மருத்துவச்சி. எண்பத்தொரு வயது. சனிக்கிழமை விடியற்காலை குமாசி சவக்கிடங்கிலிருந்து உடம்பை எடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள். அதற்கு அடுத்தாற்போல, படத்தைத் தாங்கிக்கொண்டு, பெண்வீட்டுக்காரர்களைச் சுமந்துகொண்டு போகவேண்டியது மருமகனின் வண்டி. பின்னால் நாற்பது வண்டி வரும். மூன்றாவது வளைவில் ஆவி விட்டுக்கொண்டு நின்றால் அந்த நாற்பது வண்டியும் நிற்கும். நின்றது யார் என்பதை மாம்பொங் மூன்று தலைமுறைக்கு ஞாபகம் வைத்திருக்கும். மச்சினன் நிமாக்கோ ஏற்கெனவே ஏசி பஸ் ஒன்றுக்குச் சொல்லி வைத்துவிட்டான். "கோவிச்சுக்காத மாப்ள. நீயும் ஏறி வா. ஜன்னல் சீட்டு தர்றேன்," என்றானாம். பதினோரு வருடக் கல்யாணத்தில் ஒடூரோ தன் மனைவி வீட்டாருக்குச் செய்யக் கிடைத்த ஒரே பெரிய காரியம் இதுதான். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்க அவனுக்கு விருப்பமில்லை.

எஞ்சின் ஆறியதும் அச்சியா ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். தண்ணீர் மேல் எண்ணெய் மினுங்கியது. எதிர்க் கொட்டகை எஞ்சின்காரர் மாஸ்டர் டார்கோ எப்படி அதற்குள் பக்கத்தில் வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீரில் எண்ணெய் என்றால் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"கேஸ்கெட்," என்றார், குனிந்துகூடப் பார்க்காமல்.

"காலை வணக்கம் மாஸ்டர்."

"வணக்கம். கேஸ்கெட். தண்ணிக்குள்ள எண்ணெ வேற எப்படி வரும்? எஞ்சினப் பிரிச்சு ஹெட்டத் தூக்கிருவோம். அடுத்த புதன்கிழம வண்டி உங்கையில தம்பி."

"சனிக்கிழம சாவு மாஸ்டர்," என்றான் ஒடூரோ.

"அவங்களுக்கு என்னப்பா அவசரம்?"

அச்சியா விரலை விட்டு எடுத்தாள். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். முகர்ந்தாள். பிறகு எஞ்சின் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி, இரண்டையும் ஒரு வெள்ளைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் தேய்த்தாள். டீசல் எஞ்சினின் எண்ணெய் தார்போலக் கறுப்பு. தண்ணீரில் மிதந்தது தங்க நிறத்தில், வாசனையாக, விருந்துக்கு வந்ததுபோல இருந்தது.

"ட்ரைவரே, இந்த வண்டிக்கு யாரு ஜெபம் பண்ணது?"

ஒடூரோ தரையைப் பார்த்தான். "ஒரு தீர்க்கதரிசி. நாலாவது சனிக்கிழமைக்கு அப்புறம்."

"எண்ணெய எங்க வச்சாரு?"

"மொதல்ல பானட்ல ஒரு சொட்டு வச்சாரு. அப்புறம், ஆவி உள்ள இருக்கு, மூடியத் தொறன்னாரு."

"எவ்ளோ ஊத்தினாரு?"

"பாட்டில் பூரா."

மாஸ்டர் டார்கோ துணியை வாங்கி முகர்ந்து பார்த்தார். "ஆலிவ் எண்ணெ," என்றார், கைக்கு வந்த ஒரு ஹெட் வேலையை இழந்தவரின் துக்கத்தோடு. "அதுவும் நல்ல எண்ணெயா ஊத்தியிருக்கான் படுபாவி." பிறகு தன் கொட்டகைக்குத் திரும்பிப் போனார். போகும்போது, அடுத்த முறை எந்த நோயாளியிடமும் முதலில் மதம் என்ன என்று கேட்கவேண்டும் என்று யாரிடமோ சொன்னது கேட்டது.

சோப்புத் தூள் கரைத்த வெந்நீரால் மூன்று முறை எஞ்சினின் தண்ணீர்ப் பாதையைக் கழுவினாள் அச்சியா. பிறகு ரேடியேட்டரை இறக்கி, ஊதுவிளக்கின் நெருப்பை ஈய விளிம்பைச் சுற்றி மெதுவாக நடத்தி, மேல்தொட்டியைத் தனியே கழற்றினாள். உள்ளே குழாய் வாய்களில் வெள்ளையாகக் கூழ் போல ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். காரி. மரவள்ளிக்கிழங்கு ரவை.

"இது எந்தத் தீர்க்கதரிசி?"

"அது நான்தான்க்கா. ஜனவரில லேசா ஒழுகுச்சு. ரெண்டு கைப்பிடி காரி போட்டா ஊறிப் போய் அடைச்சுக்கும்னு ஸ்டாண்டுல சொன்னாங்க."

"பாலும் சக்கரையும் சேத்துப் போட்டிருக்கலாம்ல? காலேஜ் பசங்களே குடிச்சுக் காலி பண்ணியிருப்பானுங்க. எனக்கு வேல மிச்சம்."

ஆனால் அந்த வேலையைச் செய்யும்போது அவள் பேசவில்லை. பட்டையான எஃகுத் தகட்டை ஒவ்வொரு குழாயாக விட்டு, குத்தாமல், திருகாமல், தூங்குகிற குழந்தையின் காதில் இருந்து எதையோ எடுப்பதுபோல உள்ளே அனுப்பினாள். செம்புக் குழாயின் சுவர் காகித கனம். கொஞ்சம் அவசரப்பட்டால் கிழிந்துவிடும். நூற்றுப் பன்னிரண்டு குழாய். எங்கே தகடு நிற்கிறதோ அங்கே கையும் நின்றது, யோசித்தது, பிறகு வேறு கோணத்தில் போனது. கடைசியில் இரண்டு வாயையும் ரப்பரால் மூடி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றை ஏற்றினாள். இரண்டு இடத்தில் பூண்டுப் பல் அளவு குமிழி வந்தது. அந்த இரண்டையும் ஈயம் வைத்து மூடினாள். மறுபடி அமுக்கினாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதில் தகரக் கூரையும் ஒடூரோவின் முகமும் தெளிவாகத் தெரிந்தன. இந்த நாட்டில் தேர்தல் முடிவுகளைக்கூட யாரும் இவ்வளவு கவனமாகச் சோதித்து நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவனுடைய வழக்கமான நடையில் அவளே முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். இருபத்திரண்டு பேர், ஒன்பது கிழங்கு மூட்டை, ஒரு ஆடு. மாம்பொங் மேட்டில் மூன்றாவது வளைவு வந்தது, போனது. முள் நகரவில்லை. ஒடூரோ பாட ஆரம்பித்தான். பயணிகளில் இரண்டு பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். அச்சியா மட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டு, பல் வலிக்காரி போல உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா? சரியாயிடுச்சில்ல?"

"இதுக்கு முன்னாடி எந்த வியாழக்கிழமையாவது கொதிச்சிருக்கா?"

பாட்டு நின்றது. "இல்லக்கா."

"அந்தக் காரி ஜனவரிலேந்து உள்ள இருக்கு. அப்பவும் வியாழக்கிழம கொதிக்கல. இப்பவும் கொதிக்கல. அப்ப நான் என்னத்த சரி பண்ணேன்?"

ஆடு மட்டும் ஏதோ பதில் சொன்னது. வேறு எந்தப் பட்டறையாக இருந்தாலும் இந்த இடத்தில் கை குலுக்கி அனுப்பியிருப்பார்கள். சனிக்கிழமை நடப்பது சனிக்கிழமைக்காரர்களின் பாடு. அச்சியாவின் குணம் வேறு. ஒரு வண்டி சரியானால் அது ஏன் சரியானது என்று தெரியாதவரை அவளுக்கு அது சரியாகவில்லை. அன்று மாலை அவள் கடையைச் சாத்தும்போது, இரண்டாவது முறையாகத் தாழ்ப்பாளைத் திறந்து, உள்ளே போய், கழற்றி வைத்திருந்த எதையோ பார்த்துவிட்டு, மறுபடி சாத்தியதாக மாஸ்டர் டார்கோ சொன்னார். பிறகு ஒடூரோவுக்குப் போன் செய்தாள். "காலைல வண்டியக் கொண்டா. ஆனா வெள்ளிக்கிழம வண்டியா கொண்டு வராத. சனிக்கிழம வண்டியாக் கொண்டா. சனிக்கிழம எதெல்லாம் இருக்குமோ, எல்லாம் இருக்கணும். நீ கறுப்புச் சட்ட போடுவன்னா போட்டுட்டு வா."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஃபோசுவா அம்மா பட்டறைக்குள் வந்தார்.

ஆறடிக்கு நாலடி. கெட்டியான ஃப்ளெக்ஸ் பேனர். செதுக்கிய நாற்காலியில், மஞ்சளும் பச்சையும் சிவப்பும் கட்டம் கட்டமாக நெய்த கென்டே துணி போர்த்தி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, உலகத்தில் யாருக்கும் இடுப்பு வலி உண்மையாக வந்ததில்லை என்பது போன்ற பார்வையோடு உட்கார்ந்திருந்தார். மேலே பானட்டின் பாதியிலிருந்து கீழே பம்பர்வரை, வலது விளக்கிலிருந்து இடது விளக்குவரை, வேனின் மூஞ்சியை அங்குலம் விடாமல் மூடி, எட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. பின்னால் கறுப்புச் சட்டையில் ஒடூரோ இறங்கினான்.

அச்சியா பேனரின் முன்னால் நின்றாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆறு சனிக்கிழமையும் இப்படித்தான் கட்டினியா?"

"ஆமாக்கா. அதே சைஸ். ஆளுதான் வேற வேற."

"அதுக்கு முன்னாடி?"

"அப்பெல்லாம் சின்னக் காகிதப் போஸ்டர். கண்ணாடி ஓரத்துல ஒட்டுவோம். ரெண்டு மாசம் முன்னாடி ஸ்டாண்டுகிட்ட ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வந்துச்சு. அதுக்கப்புறம் யாரும் சின்னதாச் சாகறதில்ல."

"கொதிச்சு நின்னா மொதல்ல என்ன செய்வ?"

"பானட்டத் தொறப்பேன்."

"எப்படித் தொறப்ப?"

"கயித்த அவுத்து, பேனரக் கழட்டி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

அச்சியா பழைய செய்தித்தாளில் ஒரு தாளைக் கிழித்தாள். எஞ்சினை ஓடவிடச் சொன்னாள். பேனரின் ஒரு முனையை அவிழ்த்து, வெறும் கிரில்லுக்கு முன்னால் தாளை நீட்டினாள். உள்ளே சுழல்கிற ஃபேன் அதைக் கையிலிருந்து பிடுங்கி, கிரில்லோடு அறைந்து ஒட்டிக்கொண்டது. பிறகு முனையைக் கட்டிவிட்டு, அதே தாளை ஃபோசுவா அம்மாவின் மடியில் வைத்துக் கையை எடுத்தாள். தாள் கொஞ்சம்கூடத் தயங்காமல் கீழே விழுந்தது. ஆறு சனிக்கிழமை, இரண்டு ஃபேன் பெல்ட், ஒரு பம்ப், ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெய் எல்லாம் அந்தத் தாளோடு சேர்ந்து தரையில் கிடந்தன. கொதித்த உடனே முதல் வேலையாகக் காரணத்தைக் கழற்றி ஓரமாக மடித்து வைத்துவிட்டு, பிறகு காரணத்தைத் தேடியிருக்கிறார்கள். நாங்கள் பொதுவாகவே அப்படித்தான்.

ஒடூரோ சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் முகம் வாடிவிட்டது. "அக்கா, இத எடுக்கச் சொன்னா என்னையக் கொன்னுருவாங்க."

பெண்வீட்டார் குமாசியில் இருந்த குடும்ப வீட்டின் முற்றத்தில் கூடியிருந்தார்கள். அச்சியா வலப்புறத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, வந்த காரியம் என்ன என்று கேட்கும்வரை காத்திருந்து, பிறகு சொன்னாள். குடும்பத் தலைவர், இறந்தவரின் தம்பி, மாமா பஃபோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நிமாக்கோ கண்ணைத் திறந்துகொண்டு கேட்டான்.

"அதாவது," என்றான் நிமாக்கோ, "வண்டி கொதிச்சதுக்கு எங்கம்மா காரணம்."

"அம்மா இல்ல. ஃப்ளெக்ஸ்."

"அப்ப அம்மாவ எங்க கட்டறது? பின்னாடி, ஸ்டெப்னிக்குப் பக்கத்துலயா?"

"கூரை மேல வைக்கலாம்," என்றான் ஒடூரோ மெதுவாக.

"கிழங்கு மூட்டை மாதிரி! மாமா, கேக்கறீங்களா? நான் அப்பவே சொன்னேன். பஸ்ஸு ரெடி. முன்னாடி அகலம், அம்மா தாராளமா உக்காருவாங்க, எஞ்சின் பின்னாடி இருக்கு. மாப்ளைக்கு ஜன்னல் சீட்டு."

மாமா பஃபோ கண்ணைத் திறக்கவில்லை. "முகம் முன்னாடிதான் போகணும்," என்றார். "அதுல பேச்சில்ல. வண்டி எதுங்கறதுதான் பேச்சு." முற்றத்தில் யாரும் ஒடூரோவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் எல்லோரும் கவனமாக இருந்தார்கள்.

"முகத்த நான் தொட மாட்டேன்," என்றாள் அச்சியா. "துணியக் குடுங்க."

"எந்தத் துணி?"

"அவங்க போத்தியிருக்கற கென்டே. அது கட்டம் கட்டமாத்தான இருக்கு. கட்டத்தோட கோட்டு மேலயே கீறி விட்டா காத்து உள்ள போகும். பத்தடி தள்ளி நின்னா யாருக்கும் தெரியாது. பேனரையும் கிரில்லோட ஒட்டாம ஒரு சாண் தள்ளி, கம்பிச் சட்டத்துல கட்டறேன்."

"எங்கக்காவக் கிழிக்கப் போறியா?" மாமா பஃபோ இப்போது கண்ணைத் திறந்திருந்தார்.

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. ஒடூரோவின் மனைவி அடோமா, சமையல் பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றிருந்தாள். ஒரு வாரமாக அழுது கண் வீங்கியிருந்தது. "அம்மா எத்தன பேரக் கிழிச்சுத் தெச்சிருக்காங்க மாமா," என்றாள். "ஒருத்தரையாவது கேட்டாங்களா?"

பிறகு மூலையில் இருந்த ஒரு பெரியம்மா, தன் நாலு பிரசவமும் ஞாபகம் வந்தவளாக, தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். மாமா பஃபோவின் வாய் ஓரம் தானும் கோணியது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"கிழிச்சா கொதிக்காதா?"

"உறுதி சொல்ல மாட்டேன் மாமா. பாதிக் காத்து வரும். அந்தப் பாதி போதுமான்னு மேடுதான் சொல்லணும்."

உண்மையைச் சொல்கிற மெக்கானிக்கை மாமா பஃபோ எழுபத்துநாலு வருடத்தில் முதல்முறையாகப் பார்த்தார்போலிருக்கிறது. "அப்ப நீயும் வா. முன் சீட்டுல உக்காரு. கொதிச்சா ரெண்டு பேரையும் ஒரே எடத்துல வச்சுத் திட்டலாம்." பிறகு நிமாக்கோவிடம், "உன் பஸ்ஸு பின்னாடி வரட்டும். காலியா," என்றார்.

பேனரை முற்றத்தின் சிமென்ட் தரையில் விரித்தார்கள். அச்சியா கத்தி எடுக்கவில்லை; கத்தி போட்ட ஃப்ளெக்ஸ் காற்றில் கிழிந்துகொண்டே போகும். ஈயம் வைக்கிற செம்புச் சூட்டுக்கோலின் முனையை அரத்தால் ராவி மெலிதாக்கி, கரியடுப்பில் காய வைத்து, துணியின் கட்டங்களில் மஞ்சள் முடிந்து பச்சை தொடங்குகிற கோட்டில் மெல்ல இழுத்தாள். வெட்டிய விளிம்பு தானாகவே உருகி உறைந்துகொண்டது. மூன்று பக்கம் வெட்டி நாலாவது பக்கத்தை விட்டுவிட்டாள். கட்டம் கதவுபோலத் தொங்கியது. கையை எடுத்ததும் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. குழந்தைகள் எண்ணினார்கள்: எண்பத்தேழு. இறந்தவரின் கழுத்துச் சங்கிலி, விரல்கள், பெயர், தேதி எதையும் அவள் தொடவில்லை. முடிந்ததும் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மாமா பஃபோ பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தார். பதினைந்தடி போனார். "எங்க வெட்டின?" என்று கேட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு அந்த வீட்டில் யாருக்கும் கிடைத்ததில்லை என்று அடோமா பிறகு சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஊர்வலம் மேட்டடிக்கு வந்தது. முதலில் ஆம்புலன்ஸ், அதன் சைரன் அழுதுகொண்டே. அடுத்து ஃபோசுவா அம்மாவின் முகமும் அவருக்குப் பின்னால் ஒடூரோவின் வேனும். உள்ளே கறுப்பும் சிவப்புமாக இருபத்திரண்டு பேர், ஒரு கீர்த்தனையின் நடுவில். மூன்றாவதாக நிமாக்கோவின் ஏசி பஸ், கண்ணாடி எல்லாம் மூடி, அவன் ஒருவனைச் சுமந்துகொண்டு. பின்னால் மற்ற வண்டிகள்.

முதல் வளைவில் முள் பாதியில் இருந்தது. இரண்டாவது வளைவில் பாதியைத் தாண்டியது. ஆம்புலன்ஸ் துக்கத்துக்கு ஏற்ற வேகத்தில் ஊர்ந்தது; அந்த வேகத்தில் எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் இழுக்கிற காற்றுதான். மூன்றாவது வளைவில் முள் முக்காலுக்கு வந்து, நின்று, யோசித்து, மறுபடி நகர்ந்தது. ஒடூரோவின் கழுத்தில் வியர்வை சட்டைக்குள் இறங்கியது. "அக்கா," என்றான், உதட்டை அசைக்காமல். பின்னால் பஸ் ஒருமுறை விளக்கைப் போட்டு அணைத்தது.

நான்காவது வளைவில் முள் சிவப்புக் கோட்டைத் தொடப் போனது. அச்சியா கையை நீட்டி, டாஷ்போர்டின் அடியில், அந்த வேன் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத ஒரு குமிழைக் கடைசிவரை திருகினாள். வெப்பக் காற்று குபீரென்று உள்ளே வந்தது.

"ஹீட்டரா?" ஒடூரோ பதறினான். "அதுக்குக் குழாயே இல்லையே!"

"நேத்து ராத்திரி மாட்டிட்டேன். உன்கிட்ட சொன்னா வேணாம்ப."

கீர்த்தனை ஒரு வரியில் தடுமாறி நின்றது. மாம்பொங்கின் மார்ச் மாதக் காலையில், கெட்டித் துக்கத் துணி போர்த்திய இருபத்திரண்டு பேர் மேல் எஞ்சினின் சூடு முழுசாக வந்து உட்கார்ந்தது. யாரோ ஜன்னலைத் தள்ளினார்கள். "ட்ரைவர்!" என்றார் மாமா பஃபோ. "இது என்னப்பா, நரகமா?"

அச்சியா திரும்பி உட்கார்ந்தாள். "எஞ்சினால தாங்க முடியல மாமா. அதோட சூட்டக் கொஞ்சம் நாம வாங்கிக்கறோம். மேடு ஏறுற வரைக்கும். முடியாதவங்க சொல்லுங்க, நிறுத்தச் சொல்றேன். பின்னால ஏசி பஸ்ஸு காலியா வருது."

எல்லோரும் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். பஸ்ஸின் கண்ணாடியில் உள்ளிருந்த குளிர் வெண்மையாகப் படிந்திருந்தது. உள்ளே நிமாக்கோ, கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு, கையசைத்தான். மாமா பஃபோவின் நெற்றியிலிருந்து ஒரு துளி வழிந்து மூக்கின் நுனியில் தொங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை. முன்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "பாட்ட ஏன் நிறுத்தினீங்க?" என்றார்.

பாட்டு மறுபடி கிளம்பியது, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு. முள் சிவப்புக் கோட்டின் ஓரத்தில் மயிரிழையில் நின்று நடுங்கியது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இன்னும் ஒரு வளைவு பாக்கி இருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த அடோமா, மடியிலிருந்த, அட்டையில் அம்மாவின் படம் போட்ட இரங்கல் நிகழ்ச்சிப் புத்தகத்தை எடுத்து, நடுவில் மடித்து, தன் கணவனின் கழுத்துக்கு விசிறத் தொடங்கினாள். அவளைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரி எடுத்தாள். பிறகு பெரியம்மா. பிறகு வரிசை வரிசையாக எல்லோரும். ஒடூரோ ஒரு கணம் கண்ணாடியில் பார்த்தான். வேன் நிறைய அட்டைப் படத்து ஃபோசுவா அம்மாக்கள் இருபத்திரண்டு பேர், கையளவு முகத்தோடு, தலையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் மேடு ஏறிக்கொண்டிருந்தார்கள்.